காய்ந்த பிறகும் மணக்கும் துளசி

கேள்வி: என் துளசித் தோட்டத்தில் நன்றாக மணக்கும் செடிகளின் விதையை எடுத்து மூன்று பருவமாக விதைத்து வருகிறேன். ஆனாலும் உலர்த்திய இலையில் இரண்டு மாதத்துக்கு மேல் மணம் தங்கவில்லை. நிலைத்த மணமுள்ள செடியை உருவாக்க என்ன வழி?

பதில்: மூன்று பருவம் பொறுமையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். சிக்கல், பச்சை இலையை முகர்ந்து செடியை எடைபோட்டதில் இருக்கிறது. கசக்கியவுடன் மூக்கில் ஏறும் எலுமிச்சை வாசம் எளிதில் ஆவியாகும் பொருள்களால் வருவது. அவற்றில் ஒன்றான லிமோனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். கிராம்பு மணம் தரும் யூஜினாலுக்கு 254 டிகிரி வேண்டும். இலை உலரும்போதும் முன்னது முந்திக்கொண்டு போய்விடுகிறது. பச்சையில் அடக்கமாக மணக்கும் கிராம்பு வாசச் செடியை நீங்கள் ஒதுக்கியிருக்கக்கூடும்!

ஆகவே, காய்ந்த இலையைக் கொண்டு தேர்ந்தெடுங்கள். ஒரே உரமும் நீரும் பெற்ற முப்பது, நாற்பது செடிகளுக்கு எண் கட்டுங்கள். நன்கு பூத்திருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில், பனி உலர்ந்த பின் அறுத்து, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். வெப்பம் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மணஎண்ணெய்ச் சுரப்பிகள் இலையின் மேற்பரப்பிலேயே இருப்பதால், வெயிலில் குவித்துப் புரட்டினால் எவ்வளவு நல்ல செடியும் தோற்றுவிடும். இலையை நொறுக்காமல், செடிக்கு ஒரு புட்டியாக இறுக மூடி, மூன்று மாதம் கழித்துத் திறந்து முகருங்கள். எந்தப் புட்டி எந்தச் செடி என்று அறியாத இன்னொருவரையும் முகரச் சொல்லுங்கள். நமக்குப் பிடித்த செடியின் பக்கம் நம் மூக்கு சாய்ந்துவிடும்.

விதையிலும் ஒரு சங்கதி உண்டு. துளசிப் பூவைத் தேனீக்கள் விடுவதில்லை. தாய்ச்செடி எதுவென்று உங்களுக்குத் தெரியும், மகரந்தம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று தெரியாது. பூ விரியும் முன்பே கதிருக்கு மெல்லிய துணிப்பை கட்டி, பூத்திருக்கும் நாள்களில் லேசாக உலுக்கிவிட்டால் தன் மகரந்தமே சேரும். அப்போதும் நாற்றுகள் ஒன்றுபோல் இருக்காது. அவற்றையும் இதே புட்டிச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

புட்டிகள் தீர்ப்புச் சொல்லும்வரை தாய்ச்செடி உயிரோடு இருக்க வேண்டுமே! அதனால் எண் கட்டிய ஒவ்வொரு செடியிலிருந்தும் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு மூன்று இளந்தண்டுகளை வெட்டி நட்டு வையுங்கள். தேறிய செடியை அப்படியே பெருக்கவும் இதுவே எளிய வழி. பூக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். கதிர் விட்ட தண்டு வேர்விடத் தயங்கும்.