அஞ்சு நாள்ல அஞ்சு ஊரா?

இத்தாலியில படிச்சு, மூணு குளிர்காலத்தை அங்கேயே ஓட்டிட்டு வந்த நம்ம அக்கா, குளிர்கால டூர் பத்தி வந்த வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழ்ல பதில் சொல்றாங்க.

கேள்வி: அக்கா, நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ், மியூனிக்ல மாஸ்டர்ஸ் படிக்கிறோம். கிறிஸ்துமஸ் லீவுல, ஜனவரி 2 கிளம்பி 7 திரும்பற மாதிரி இத்தாலி போறோம். ஒருத்தன் மிலான், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் அஞ்சும் பாத்தே ஆகணும்னு எக்ஸல் ஷீட்டே போட்டுட்டான். இன்னொருத்திகிட்ட காசு கம்மி, ஆனா வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கிறா. ரெண்டு பேரும் எனக்கு வேணும். என்ன பண்றது?
(மியூனிக்கிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: தம்பி, அந்த எக்ஸல் ஷீட்ல பொழுது எப்ப சாயுதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கானா பாருங்க. ஜனவரி ஆரம்பத்துல வட இத்தாலியில விடியறதுக்கே ஏழே முக்கால் ஆயிடும், சாயங்காலம் நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிடும். கையில இருக்கறது ஒன்பது மணி நேர வெளிச்சம், அதுல காலைல ரூமைக் காலி பண்ணி, கல் பாவின தெருவுல பெட்டியை கடகடன்னு உருட்டிட்டு ஸ்டேஷன் போயி, ரெண்டு மூணு மணி நேரம் ரயில்ல உக்காந்து, அடுத்த ஊர்ல பெட்டியை எங்க வைக்கறதுன்னு தேடி, அப்புறம் சாப்பிட்டு நிமிர்ந்தா தெரு விளக்கு எரிஞ்சிட்டிருக்கும். அஞ்சு ஊரும் பாத்த மாதிரி போட்டோ இருக்கும், எல்லா போட்டோவும் ராத்திரியில எடுத்ததா இருக்கும்.

நான் சொல்றது பொலோன்யா. அஞ்சு ராத்திரியும் அங்கேயே தங்குங்க, பெட்டியை ஒரு தடவை திறந்தா போதும். மியூனிக்ல இருந்து பிரென்னர் கணவாய் வழியா ரயில்ல ஏறக்குறைய ஏழு மணி நேரம். 1088ல ஆரம்பிச்சதா சொல்ற யுனிவர்சிட்டி இருக்கற ஊரு, இன்னிக்கும் எங்க பாத்தாலும் ஸ்டூடண்ட்ஸ்தான், அதனால வெனிஸ் அளவுக்கு விலை குத்தாது. மழை வந்தா குடையைத் தேட வேணாம், ஏன்னா நடைபாதைக்கு மேலயே வீட்டு மாடிங்க நீட்டிக்கிட்டு நிக்கும், நம்ம ஊர் பெரிய கோயில் பிரகாரத்துல நடக்கற மாதிரியே இருக்கும். மொத்தம் 62 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த வளைவு நடைபாதைங்க இருக்கு, 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அதுல ஒண்ணு 666 வளைவோட மலை மேல இருக்கற சான் லூக்கா கோயில் வரைக்கும் ஏறிப் போகும், கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், காசு கிடையாது, ஏறி முடிக்கறப்ப ஜனவரியிலயும் ஜாக்கெட்டைக் கழட்டிடுவீங்க. ஊருக்கு நடுவுல ரெண்டு கோபுரம் இருக்கு, உசரமான அசினெல்லியில டிகிரி வாங்கறதுக்கு முன்னாடி ஏறினா டிகிரியே வராதுன்னு அந்த ஊர்ப் பசங்க இன்னும் பயப்படுவாங்க. பக்கத்துல சாஞ்சு நிக்கற காரிசெண்டா ரொம்ப ஆட்டம் காட்டுதுன்னு 2023 அக்டோபர்லயே அசினெல்லியையும் ஏற விடாம மூடிட்டாங்க, அதனால உங்க டிகிரி பத்திரம்.

அங்கருந்து பகல்ல போயிட்டு ராத்திரி திரும்பிடலாம். வெனிஸ் ரெஜனாலேன்னு சொல்ற சாதாரண ரயில்ல ரெண்டு மணி நேரம். ஃப்ளாரன்ஸ் ஃபாஸ்ட் ட்ரெயின்ல நாப்பது நிமிஷம். ரெஜனாலே டிக்கெட் தூரத்துக்குத் தகுந்த மாதிரி ஒரே விலைதான், காலைல எழுந்து வானத்தைப் பாத்துட்டு வாங்கினாலும் ஏறாது. ஃபாஸ்ட் ட்ரெயின்தான் கடைசி நேரத்துல எகிறும், அதை மட்டும் முன்னாடியே போட்டுடுங்க. பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல இருக்கற குட்டி மெஷின்ல விட்டு முத்திரை குத்தணும். நான் போன முதல் மாசம் அந்த மெஷினைக் குப்பைத்தொட்டியோட ஏதோ பாகம்னு நெனச்சு தாண்டிப் போயிட்டேன், டிக்கெட் இருந்தும் ஃபைன் கட்டினேன், ஒரு வாரம் வெறும் பாஸ்தாவும் எண்ணெயும்தான்.

ராவென்னாங்கற ஊருக்குக் கண்டிப்பா ஒரு நாள் ஒதுக்குங்க, ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம். காலா பிளாசிடியாங்கற ரோமானிய ராணி பேர்ல சமாதின்னு சின்னதா ஒரு செங்கல் கட்டடம், வெளிய பாத்தா இதுக்கா வந்தோம்னு தோணும். உள்ள ஜன்னல்ல கண்ணாடி இல்ல, மெல்லிசா அறுத்த அலபாஸ்டர் கல்லு, அது வழியா வெளிச்சம் தேன் கலர்ல இறங்கும். மொதல்ல ஒண்ணும் தெரியாது, கண்ணு பழகப் பழக தலைக்கு மேல கருநீலமும் தங்க நட்சத்திரமும் ஒண்ணொண்ணா வரும், அஞ்சாம் நூற்றாண்டுல ஒட்டின மொசைக். அதை அண்ணாந்து பாக்கவாச்சும் கொஞ்ச நேரம் வேணும்ல, எக்ஸல் தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க.

மியூசியத்துல ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கு. அரசு மியூசியங்கள்ல 18 லருந்து 25 வயசு வரைக்கும் 2 யூரோன்னு போட்டிருப்பான், அது ஐரோப்பிய யூனியன் குடிமக்களுக்கு. உங்க கையில இருக்கறது ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு, அது குடியுரிமை ஆகாது, ஸ்டூடண்ட் ஐடியை எவ்வளவு ஆட்டினாலும் நடக்காது. ஆனா மாசத்தோட முதல் ஞாயிறு அரசு மியூசியம் எல்லாருக்கும் ஃப்ரீ. உங்க தேதிக்குள்ள முதல் ஞாயிறு விழுந்தா அன்னைக்கு ஃப்ளாரன்ஸ் போயி உஃபிட்ஸி மியூசியத்துல காலங்காத்தாலயே க்யூவுல நில்லுங்க. திங்கக்கிழமை மட்டும் போயிடாதீங்க, பூட்டியிருக்கும்.

காசு கம்மியா இருக்கற பொண்ணு விஷயம். அவளைத் தனியாக் கூப்பிட்டு கேக்காதீங்க, கூச்சப்படுவா. நாலு பேரும் மொத நாளே ஆளுக்கு ஒரே தொகை போட்டு ஒரு பொதுப் பர்ஸ் வைங்க, சாப்பாடு, ரயில், ரூம் எல்லாம் அதுலருந்துதான். அந்தத் தொகையை நீங்களே கம்மியாச் சொல்லிடுங்க, எனக்கு இவ்வளவுதான் முடியும்னு. பழி உங்க மேல விழட்டும், அவ தப்பிச்சுடுவா. காபியைக் கவுன்டர்ல நின்னே குடிங்க, உக்காந்தா சில கடையில ரெண்டு மடங்கு கேப்பான். ஹோட்டல் பில்லுல கொபேர்த்தோன்னு தலைக்கு ரெண்டு யூரோ வாக்குல வந்தா சண்டை போடாதீங்க, அது ரொட்டிக்கும் மேஜைக்கும், மெனுவுலயே போட்டிருப்பான். தங்கற இடத்துலயும் தலைக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு சிட்டி டாக்ஸ் தனியா வாங்குவாங்க, பொதுப் பர்ஸுல அதுக்கும் இடம் விடுங்க.

கேள்வி: லெஸ்டர்ல படிக்கிறேன். யூகே ஸ்டூடண்ட் விசா இருக்கு, இத்தாலி போக அது போதும்னு ஃப்ரெண்டு சொல்றான், உண்மையா?

பதில்: இல்லீங்க. இந்தியப் பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா தனியா எடுக்கணும், ஃபீஸ் 90 யூரோ, அதோட குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸும் கேப்பாங்க. ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், குளிர்கால லீவுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் தீர்ந்துடும். ஃப்ரெண்டு ஜெர்மனியில இருந்தா அவனுக்கு அந்த நாட்டுக் கார்டே போதும், அதை வச்சுதான் உங்களுக்கும் சொல்லியிருப்பான்.

கேள்வி: அக்கா, நான் சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டேன். பொலோன்யா, வெனிஸ் பக்கம் போனா பட்டினியா?

பதில்: பட்டினி இல்ல, ஆனா பொலோன்யா உங்களுக்குக் கொஞ்சம் முரட்டு ஊருதான். அந்த ஊரு பாஸ்தா மாவுலயே முட்டை போட்டுப் பிசைவாங்க, குளிருக்கு எல்லாரும் குடிக்கற சூப்புல டொர்தெல்லினின்னு குட்டிக் கொழுக்கட்டை மாதிரி பாஸ்தா மிதக்கும், அதுக்குள்ள வைக்கறது பன்னிக்கறி. பியாதினான்னு சப்பாத்தி மாதிரி இருக்கும், பாத்ததும் மனசு குளிர்ந்துடும், பாரம்பரியமா அதுல பன்னிக்கொழுப்பு சேப்பாங்க, ஆலிவ் ஆயில்ல செஞ்சதான்னு கேட்டு வாங்குங்க. பார்மெசான் சீஸுல பாலை உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற ரென்னெட் உண்டு, அது இல்லாம அந்தப் பேரே வைக்க முடியாது. தைரியமா சாப்பிடலாம்னா மரினாரா பீட்சா, தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய், சீஸே கிடையாது, விலையும் கம்மி. கடையில பாக்கெட்டுல விக்கற காஞ்ச ஸ்பகெட்டி பெரும்பாலும் வெறும் கோதுமைதான், கிச்சன் இருக்கற ஹாஸ்டலா பாத்து போடுங்க, ஒரு சின்ன டப்பால ரசப்பொடி இருந்தா நீங்கதான் ராஜா. பீசா, ஜெனோவா பக்கம் போனா சுடச்சுட கடலைமாவு அடை கிடைக்கும், பீசாவுல செச்சினா, ஜெனோவாவுல ஃபரினாத்தான்னு கேளுங்க, மாவு, தண்ணி, எண்ணெய், உப்பு அவ்வளவுதான், மேல மிளகுப்பொடி தூவித் தருவான். மொத வாயிலயே நம்ம வீட்டு அடுப்பங்கரை ஞாபகம் வந்துடும்.

கேள்வி: என் பொண்ணு நெதர்லாந்துல படிக்கிறா. ஆம்பளப் பசங்களும் சேர்ந்த குரூப்போட இத்தாலி போறேங்கிறா. பயமா இருக்கு, வேணாம்னு சொல்லட்டுமா?
(கோவையிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, நீங்க வேணாம்னா போக மாட்டான்னு நெனைக்கறீங்களா? போவா, உங்ககிட்ட சொல்லாம போவா. அதுக்கு சரின்னு சொல்லிட்டு தங்கற இடத்து அட்ரஸையும் கூட வர்ற ரெண்டு பேர் நம்பரையும் வாங்கி வச்சுக்கோங்க. ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் கையில இருக்கணும்னு சொல்லுங்க, அங்க ரூம் குடுக்கறவங்க எல்லார் விவரத்தையும் போலீசுக்கு ஏத்தணும், காப்பி காட்டினா ஒத்துக்க மாட்டாங்க. பயப்பட வேண்டியது கூட வர்ற பசங்களுக்கு இல்ல, கூட்டமான பஸ்ஸுல பர்ஸை உருவறவனுக்கு. ரோம்ல டெர்மினி ஸ்டேஷன்ல பையை முன்னாடி மாட்டிக்கச் சொல்லுங்க. கையில கயிறு கட்டி விட்டு ஃப்ரீங்கறவன் கட்டி முடிச்சதும் காசு கேப்பான். அவசரத்துக்கு 112. மணிக்கொரு தடவை வீடியோ கால் மட்டும் கேக்காதீங்கம்மா, குளிர்ல ஃபோன் சார்ஜ் சட்டுனு இறங்கிடும்.

கேள்வி: குளிர்காலத்துல வெனிஸ் தண்ணியில மூழ்கிடுமாமே? கம் பூட்ஸ் வாங்கிட்டுப் போகணுமா?

பதில்: மூழ்கின கதை நிஜம்தான், 2019 நவம்பர் 12 ராத்திரி 187 சென்டிமீட்டர் வரைக்கும் தண்ணி ஏறிச்சு. அடுத்த வருஷம் அக்டோபர்லருந்து கடல் வாய்ல மோசேன்னு இரும்புக் கதவுங்களைத் தூக்கி பெரிய ஏத்தத்தைத் தடுக்கறாங்க. சின்ன ஏத்தத்துக்குத் தூக்க மாட்டாங்க, சான் மார்கோ மைதானம்தான் பள்ளமான இடம், அங்க கணுக்கால் அளவு நிக்கலாம், பலகைப் பாலம் போட்டு வச்சிருப்பாங்க. பூட்ஸை இங்கருந்து சுமக்காதீங்க, தேவைப்பட்டா அங்கேயே தெருவுல காலுக்கு மாட்டற பிளாஸ்டிக் உறை விப்பாங்க. எனக்கு வெனிஸ்ல பிடிச்சது பனிமூட்டம் இறங்கற காலைநேரம்தான், எதிர்க்கரை மாளிகை மறைஞ்சுடும், படகு எங்க வருதுன்னு சத்தத்தை வச்சுதான் கண்டுபிடிக்கணும். கொண்டோலா சவாரிக்குக் கட்டுப்படியாகலன்னா டிராகெட்டோன்னு கேளுங்க, அதே மாதிரி படகுல 2 யூரோவுக்கு பெரிய கால்வாயைக் கடத்தி விடுவாங்க, ரெண்டு மூணு நிமிஷம்தான், போட்டோவுக்குப் போதும்.

கேள்வி: ஸ்வெட்டர் ஒண்ணு போதுமா அக்கா?

பதில்: வெளியத்தான் குளிரும்னு நெனச்சுட்டீங்க. நிறைய கட்டடத்துல ஹீட்டிங்கை நம்ம இஷ்டத்துக்குப் போட முடியாது, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான்னு சட்டமே இருக்கு, பொலோன்யா, வெனிஸ் பக்கம் 14 மணி நேரம், ஃப்ளாரன்ஸ், ரோம்ல 12. பொதுவா ராத்திரி 11 லருந்து காலைல 5 வரைக்கும் ஆஃப். நான் இருந்த ரூம்ல பதினோரு மணிக்கு ரேடியேட்டர் டிக் டிக்னு சத்தம் போட்டுட்டே அடங்கும், ஓடிப்போயி அது மேல காயப்போட்ட சாக்ஸை எடுத்து சூடு ஆறறதுக்குள்ள மாட்டிக்கிட்டு போர்வைக்குள்ள பூந்துடுவேன். படுக்கைக்குன்னு தனியா ஒரு ஸ்வெட்டரும் கம்பளி சாக்ஸும் வச்சுக்கோங்க.