எல்லையை முதலில் எழுதுங்கள்: சமவாய்ப்பு நடை, தொடர் மாறி கேள்வி–பதில்

கையில் 3 ரூபாய். நாணயம் சுண்டித் தலை விழுந்தால் 1 ரூபாய் வரவு, பூ விழுந்தால் 1 ரூபாய் போச்சு. 10 ரூபாய் சேர்ந்தாலோ கை காலியானாலோ ஆட்டம் முடியும். 10-ஐத் தொடும் நிகழ்தகவு என்ன? பாதைகளை எண்ணிப் பார்த்தேன், முடிவே இல்லை.

எண்ணாதீர்கள். கையில் க ரூபாய் இருக்கும்போது வெல்லும் நிகழ்தகவு ப(க) என்க. அடுத்த ஒரு சுண்டலை மட்டும் பாருங்கள்: ப(க) = ½ப(க+1) + ½ப(க−1). ஒவ்வொரு மதிப்பும் இருபக்கத்து மதிப்புகளின் சராசரி என்பதால் ப ஒரு நேர்கோடு. எல்லைகள் ப(0) = 0, ப(10) = 1. விடை 3/10.

ஆட்டம் சராசரியாக எத்தனை சுண்டல் நீளும் என்பதற்கும் இதே வழிதான். கையில் க ரூபாய் இருக்கும்போது மீதமுள்ள சுண்டல்களின் சராசரி ச(க) என்க: ச(க) = 1 + ½ச(க+1) + ½ச(க−1), இரு எல்லையிலும் 0. தீர்த்தால் ச(க) = க(10−க), அதாவது 3×7 = 21. முன்னால் நிற்கும் அந்த 1 இப்போது சுண்டும் சுண்டல்; பலருக்கு அது விட்டுப்போகும். விட்டால் எல்லா இடத்திலும் 0 வரும். சுண்டாமலே ஆட்டம் முடிந்ததாக அர்த்தம்!

தலை விழும் நிகழ்தகவு 0.4 என்றால்?

நேர்கோடு போய்விடும். ஒரு சுண்டலில் தோற்கும் நிகழ்தகவை வெல்லும் நிகழ்தகவால் வகுத்த விகிதம் 0.6/0.4 = 1.5. விடை (1.5³−1)/(1.5¹⁰−1) = 2.375/56.67, சுமார் 0.042. விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் 0.716 வரும். பாதகமான ஆட்டத்தில் விடை 0.3-ஐத் தாண்டாது என்று தெரிந்தால் அந்தப் பிழை உடனே பிடிபடும். 0.5-க்கு இந்தச் சூத்திரம் 0/0 தரும், அங்கே நேர்கோடுதான்.

தொடர் மாறி ஒன்றின் (இடைவெளியில் எந்த மதிப்பையும் எடுக்கக்கூடியது) அடர்த்திச் சார்பின் மதிப்பு 2 வந்தது. நிகழ்தகவு 1-ஐத் தாண்டலாமா?

தாண்டாது, அடர்த்தி தாண்டலாம். 0 முதல் ½ வரையான சீரான பரவலில் உயரம் 2, பரப்பு 1. நிகழ்தகவு என்பது அடர்த்திக் கோட்டின் கீழுள்ள பரப்புதான்.

ம என்ற மாறி −1 முதல் 2 வரை சீராகப் பரவியது. ம²-இன் அடர்த்தி 1/(6√ய) என்று எழுதினேன். தொகையிட்டால் 1 வரவில்லை.

ய = ம² என்றால் ய-இன் எல்லை 0 முதல் 4. ஆனால் 1-க்குக் கீழே ஒவ்வொரு ய-க்கும் இரண்டு மூலங்கள் உண்டு, மேலே ஒன்றுதான். பரவல் சார்பிலிருந்து, அதாவது ம² ஒரு ய-ஐத் தாண்டாமல் இருக்கும் நிகழ்தகவிலிருந்து, தொடங்குங்கள். ய 1-க்குள் இருந்தால் ம −√ய முதல் √ய வரை இருக்கவேண்டும்: 2√ய/3. 1-க்கு மேல் என்றால் −1 முதல் √ய வரை: (√ய+1)/3. வகையிட்டால் முதல் பகுதிக்கு 1/(3√ய), இரண்டாவதற்கு 1/(6√ய). பரப்புகள் 2/3, 1/3. நீங்கள் எழுதியது இரண்டாம் பகுதிக்கு மட்டும் சரி.

0-இல் தொடங்கும் சமவாய்ப்பு நடையில் 100 அடிகள், ஒவ்வொன்றும் சம வாய்ப்பில் +1 அல்லது −1. 20 அல்லது அதற்கு மேல் முடியும் நிகழ்தகவுக்கு இயல்நிலைப் பரவலில் (மணி வடிவ வளைவு) 0.5 திருத்தம், அதாவது வெட்டும் இடத்தை 0.5 நகர்த்துவது, செய்தும் சரியாக வரவில்லை.

திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) √100 = 10. 19.5 எனத் திருத்தினால் 1.95 திட்டவிலக்கம், 0.0256. சரியான மதிப்பு 0.0284. இரட்டைப்படை அடிகளுக்குப் பின் நடை இரட்டை எண்களில்தான் நிற்கும். 18-க்கு அடுத்தது 20. இடைவெளி 2, எனவே திருத்தம் அதில் பாதி, 1. 19-இல் வெட்டினால் 0.0287 கிடைக்கும். இங்கே கெட்டது திருத்தம்தான், இயல்நிலைத் தோராயம் அல்ல.

100 அடிகளுக்குள் எப்போதாவது 20-ஐத் தொடும் நிகழ்தகவு இதைப்போல் இருமடங்கா?

கிட்டத்தட்ட. 20-ஐ முதன்முதலில் தொட்ட இடத்திலிருந்து மீதிப் பாதையைக் கண்ணாடிபோல் புரட்டினால், 20-க்கு மேலே முடியும் ஒவ்வொரு பாதைக்கும் கீழே முடியும் ஒரு ஜோடி அமையும். சரியாக 20-இல் முடியும் பாதைகளுக்கு ஜோடி இல்லை; அவற்றை ஒருமுறைதான் எண்ணவேண்டும். சரியாக 20-இல் முடியும் நிகழ்தகவு 0.0108. ஆகவே 2×0.0284 − 0.0108, அதாவது 0.046.