விரல் உயரச் சாமானுக்கு ஆறடி ஷோகேஸ் வேண்டுமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் பழைய வீடு எங்களுடையது. எங்கள் பங்குக்கு வளவை (நடு முற்றத்தை) ஒட்டி ஓர் அறை, அதற்கு முன்னால் கொஞ்சம் பத்தி (தாழ்வாரம்). நானே செய்தவை, கைவேலைக்காரர்களிடம் வாங்கியவை என்று பொம்மை வீட்டுச் சாமான்கள் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அம்மி, பணியாரச் சட்டி, ஊஞ்சல், பெட்டகம், எல்லாமே விரல் அளவுதான். இப்போது செருப்பு டப்பாக்களில் கிடக்கின்றன. ஆறடி உயரக் கண்ணாடி ஷோகேஸுக்கு 35,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தேவை பெரிய அலமாரி இல்லை, ஆழம் குறைந்த அலமாரி.

பொம்மை வீட்டுச் சாமான் செய்கிறவர்கள் பெரும்பாலும் 1:12 அளவில்தான் செய்வார்கள். நிஜத்தில் ஓர் அடி என்றால் இதில் ஓர் அங்குலம். மூன்றடி நாற்காலி மூன்று அங்குலம். ஒன்பதடி உயர அறையே ஒன்பது அங்குலத்தில் முடிந்துவிடும். கடையில் விற்கும் ஷோகேஸிலோ தட்டுக்குத் தட்டு ஓர் அடிக்கு மேல் இடைவெளி இருக்கும், ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவே. நாற்காலிக்கு மேலே முக்கால் அடி வெறும் காற்று. பின்வரிசையில் வைத்ததை நீங்களே எட்டிப் பார்த்தால்தான் உண்டு. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கேட்கிறார்கள்.

முதலில் அறையில் இருக்கும் சுவர் அலமாரியைத் திறந்து பாருங்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு இருக்கிற கனத்துக்கு, உள்ளே பதித்த அலமாரி நல்ல ஆழமாகத்தான் இருக்கும். ஆழம் அதிகம் என்பதுதான் அதன் குறை. கொலுப்படி மாதிரி இரண்டு இரண்டு அங்குலமாக ஏறும் மூன்று படிகளைத் தச்சரிடம் மிச்சப் பலகையில் செய்து வாங்கி உள்ளே வைத்தால் அந்தக் குறை தீர்ந்தது. கதவும் பூட்டும் ஏற்கெனவே இருக்கின்றன. பூட்டு அவசியம், ஏனென்றால் விசேஷத்துக்கு வந்து இறங்கும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் வளவைச் சுற்றி ஓடும்போது உங்கள் பணியாரச் சட்டி மிட்டாயாகத்தான் தெரியும். குட்டி விளக்கு எரிய பட்டன் பேட்டரி போட்ட சாமான் இருந்தால் அதைக் கட்டாயம் பூட்டி வையுங்கள். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

சுவரில் ஆணி அடித்துத் தட்டு மாட்டும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் டிரில் போட்டால் சுற்றிலும் பொரிந்து கொட்டும். சிமெண்ட் வைத்து அடைத்தால் ஒட்டுப் போட்டது ஆயுசுக்கும் தெரியும். அதோடு, பத்திச் சுவர் என்றால் அது பொதுச் சுவர். ஒரு துளைக்காகப் பங்காளிகளுக்குள் பேச்சு வளர்வானேன்? பத்தியில் வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. திறந்த வளவிலிருந்து வெயிலும் சாரலும் தூசியும் நேரே அங்கேதான் வரும். சாயத் துணியும் பிரிண்டரில் அடித்த காகிதமும் வெயிலில் வெளுத்துவிடும்.

அலமாரி போதவில்லை என்றால், காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு சுற்று வாருங்கள். பழைய அச்சகங்களில் எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைத்த, கட்டம் கட்டமான மரத் தட்டு கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆழம் குறைவு, கட்டமும் சின்னது. சட்டி, பானை, செம்பு வகைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஊஞ்சலும் பெட்டகமும் அதில் அடங்காது. வாங்கும்போது தட்டைத் திருப்பிப் பாருங்கள். ஊசித் துளைகள் இருந்து, தட்டினால் மாவாகக் கொட்டினால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், மரத்தைத் துளைக்கும் அந்த வண்டு உங்கள் வீட்டில் இருக்கும் மற்ற மரத்துக்கும் பரவலாம். அச்செழுத்து ஈயக் கலவை என்பதால் தட்டிலிருக்கும் தூசியை ஊதாமல், உலர்ந்த துணியால் தட்டாமல், ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து எடுங்கள். முன்பக்கம் ஓர் அக்ரிலிக் தகடு போட்டு மேஜை மேல் சாய்த்து வைத்தால் போதும்.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்றால், சின்னப் பெட்டிக்கு அக்ரிலிக் சரி. கனம் இல்லை, எளிதில் உடையாது. ஆனால் கீறல் விழும், தூசியை இழுக்கும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தை அதன் மேல் அடித்தால் நாளடைவில் மயிரிழை விரிசல் விடும். டஃபன் செய்த கண்ணாடி சொல்வதாக இருந்தால் அளவை இரண்டு முறை பாருங்கள். சூட்டில் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது.

முந்நூறையும் ஒரே நேரத்தில் காட்டத்தான் வேண்டுமா? ஓர் அடி அகலம், ஒன்பது அங்குல உயரம், எட்டு அங்குல ஆழத்தில் ஒரு பெட்டி செய்து, இந்த மாதம் அடுப்படி, அடுத்த மாதம் முகப்பு என்று மாற்றி வைக்கலாம். தரைக்கு நிஜ ஆத்தங்குடிக் கல்லையே போடலாமே என்று ஆசை வரும். கனமும் அதிகம், கல்லில் இருக்கும் பூ உங்கள் நாற்காலியை விடப் பெரிதாக இருக்கும். படம் எடுத்துச் சுருக்கி அச்சடித்து ஒட்டுங்கள்.

கேள்வி: டப்பாவில் மிச்சம் இருப்பதற்கு அந்துருண்டை போடலாமா?

பதில்: வேண்டாம். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் ஆவி தெர்மோகோலையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கிவிடும். சிலிக்கா ஜெல் பை போடுங்கள். பாலிமர் களிமண்ணில் செய்ததை வழவழப்பான வினைல் உறையில் வைக்காமல், அமிலமில்லாத வெள்ளைத் தாளில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: அளவு சொல்லி அட்வான்ஸ் கொடுத்துச் செய்த பெட்டி ஓர் அங்குலம் குறைவாக வந்திருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: நீங்கள் அளவு சொன்னதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? ரசீது, வாட்ஸ்அப் செய்தி, படம், எதுவானாலும் எடுத்து வையுங்கள். சரிசெய்து தரவோ பணத்தைத் திருப்பவோ சொல்லி, நாள் குறித்து ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.