தலாமஸும் ஞாபகமும்: கேள்வி பதில்

மூளை நரம்பியல் வார்டில் தாதியாக இருந்தவள் என்பதால் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியைப் பற்றிய கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறீர்கள். ஞாபகம், உணர்ச்சி தொடர்பானவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அக்கா, கண்ணும் காதும் தரும் செய்திகளை மூளைப் புறணிக்கு (மூளையின் வெளி அடுக்குக்கு) அனுப்புவதுதானே தலாமஸின் வேலை? ஞாபகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (ஈசூன்)

நீங்கள் சொல்வது பாதி. தலாமஸுக்குள் கருக்கள் எனப்படும் நரம்பணுக் கூட்டங்கள் பல உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை. முன்பக்கம் இருக்கும் முன்கருவை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸிலிருந்து கிளம்பும் நரம்புக் கற்றை, மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் மாமில்லரி உறுப்புகளுக்குப் போகிறது. அங்கிருந்து இந்த முன்கருவுக்கு, அப்புறம் புறணியின் உட்பக்கத்தில் இருக்கும் சிங்குலேட் பகுதிக்கு, சுற்றி வந்து மறுபடி ஹிப்போகாம்பஸுக்கே. 1937இல் ஜேம்ஸ் பேப்ஸ் என்ற மூளை ஆய்வாளர் இதை உணர்ச்சிக்கான சுற்று என்றுதான் முன்வைத்தார். பிற்பாடு பார்த்தால் ஞாபகத்துக்குத்தான் அது அதிகம் உழைக்கிறது. உணர்ச்சியில் பெரிய பங்கு அமிக்டலா என்ற இன்னொரு மூளைப் பகுதிக்கு; அது அவருடைய சுற்றிலேயே இல்லை!

மாமாவுக்கு தலாமஸில் சின்ன ஸ்ட்ரோக். கை கால் நன்றாக இருக்கிறது. ஆனால் எதுவும் மனதில் நிற்பதில்லை, எதிலும் நாட்டமில்லை. நடிக்கிறாரோ என்று அத்தைக்குச் சந்தேகம். (அங் மோ கியோ)

நடிப்பில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். தலாமஸின் முன்பகுதிக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய் அடைத்தால் இப்படி ஆகலாம். ஹிப்போகாம்பஸுக்குச் சேதம் இருக்காது, சுற்றுதான் நடுவில் அறுந்திருக்கும். வார்டில் ஒரு பெரியவர் பசியாறிய தட்டு மேசையில் இருக்கும்போதே, "காலையிலிருந்து ஒன்றும் தரவில்லையே தாதி" என்பார். ஆனால் மகள் கல்யாணத்தில் என்ன பாயசம் என்று சரியாகச் சொல்வார். பழையது இருக்கும், புதியது பதியாது.

நாட்டமின்மையும் அதே இடத்துக் கோளாறுதான். மூளையின் நெற்றிப் பகுதியோடு தலாமஸுக்கு இருக்கும் தொடர்பு கெட்டால் எதையும் தொடங்கவே தோன்றாது. திட்டிப் பயனில்லை. அன்றாட வேலைகளை ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் செய்ய வையுங்கள். திடீரென்று புதிய குழப்பமோ அதிகத் தூக்கமோ வந்தால் யோசிக்காமல் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

அண்ணன் நிறையக் குடிப்பார். ஞாபகம் தடுமாறுகிறது. இதிலும் தலாமஸா? (உட்லண்ட்ஸ்)

இருக்கலாம். நெடுநாள் குடியில் வைட்டமின் பி1 குறைந்தால் மாமில்லரி உறுப்புகளும் தலாமஸும் அடிபடும். கோர்சகோஃப் நோய் என்பார்கள். தள்ளிப்போடாதீர்கள், இன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

தேக்காவில் மல்லிகை வாசம் வந்தாலே அப்பாயி ஞாபகம் வருகிறது. படத்தைப் பார்த்தால்கூட அப்படி வருவதில்லையே?

பார்வையும் ஒலியும் தலாமஸைத் தாண்டித்தான் புறணிக்குப் போக வேண்டும். வாசனைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அமிக்டலாவுக்கும் ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதிக்கும் அது நேராகவே போய்ச் சேரும். மற்றபடி அப்பாயி தினமும் பூ வைத்தவராகவும் இருந்திருப்பார்.

தலாமஸுக்கு ஏதாவது சத்து மாத்திரை உண்டா? (ஜூரோங்)

கிடையாது. டாக்டர் தந்த ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடுங்கள். தலாமஸில் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் ரத்த அழுத்தம்தான் காரணம்.