உதிர்ந்த மான் கொம்பு கிடைக்கவில்லையா? தடத்தை விட்டு விலகித் தேடுங்கள்

மூன்று வாரமாக மான்தடத்தைப் பிடித்தே நடந்தும் வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானின் உதிர்ந்த கொம்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்கிறீர்கள். குளிர்காலத்தில் மான்கள் வெயிலுக்காகப் படுக்கும் தெற்குச் சரிவுகளிலும் மேயும் இடங்களிலும் தேடுங்கள். நாளின் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது என்பதால் கொம்பும் பெரும்பாலும் அங்கேதான் விழும்.

முதலில் உங்கள் காட்டுக் கேமராவில் பதிந்த அண்மைய படங்களைப் பாருங்கள். ஆண் மான்களின் தலையில் கொம்பு இன்னும் இருந்தால், நீங்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டீர்கள், அவ்வளவுதான். முழுக் கொம்பை எதிர்பார்க்கும் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாது. சருகுக்கு மேல் விரல் நீளத்துக்கு வெளிறித் தெரியும் முனையைத்தான் தேட வேண்டும். மிகவும் தாமதித்தால் அணில்களும் எலிகளும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறித்துவிடும்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் சில பொது நிலங்களில் மே மாதத்திற்கு முன் கொம்பு பொறுக்கத் தடை உண்டு. உங்கள் பகுதி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.