சாக்கடை அடைத்தால் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போக வேண்டுமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் குடியிருக்கிறோம். எங்கள் தெருச் சாக்கடை, மெயின் ரோட்டுச் சிறுபாலத்தின் அடியில் போய் ஓடையில் சேரும். சிறுபாலம் மண் மூடிக் கிடப்பதால் தண்ணீர் தெருவிலேயே தேங்குகிறது. தெருவிளக்கும் இரண்டு மாதமாக எரியவில்லை. வார்டு உறுப்பினரிடம் போனால் தலைவரைப் பார்க்கச் சொல்கிறார். தலைவர் நிதி இல்லை என்று சொல்லி ஒன்றியக் கவுன்சிலரிடம் அனுப்புகிறார். அவர் எம்.எல்.ஏ.வைக் கைகாட்டுகிறார். எம்.எல்.ஏ. அலுவலகத்திலோ "உங்க தலைவரைப் பாருங்க" என்கிறார்கள். யாரைத்தான் பார்ப்பது?

பதில்: நீங்கள் மாடிப்படி ஏறுவதுபோல ஏறியிருக்கிறீர்கள். வார்டு உறுப்பினருக்கு மேலே தலைவர், அவருக்கு மேலே கவுன்சிலர், எல்லோருக்கும் மேலே எம்.எல்.ஏ. என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது. எம்.எல்.ஏ. சொன்னால் தலைவர் செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தலைவர் ஒன்றியக் குழுத் தலைவரின் கீழ் வேலை பார்ப்பவரும் அல்ல.

2021 அக்டோபரில் உங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது ஆளுக்கு நான்கு வாக்குச் சீட்டு கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்குத் தனியாக ஒன்று. எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல்களில் மெஷினில் பட்டன் அமுக்கியதையும் சேர்த்தால் உங்கள் தெருவுக்கு ஆறு பிரதிநிதிகள். ஒவ்வொருவருக்கும் வேலை வேறு, பணம் வரும் வழியும் வேறு. அதனால் "யார் பெரியவர்" என்று பார்க்காதீர்கள். "இந்தச் சொத்து யார் கணக்கில் இருக்கிறது" என்று பாருங்கள். உங்கள் புகாரில் மூன்று சொத்துகள் இருக்கின்றன: விளக்கு, சாக்கடை, சிறுபாலம். மூன்றையும் ஒரே மனுவில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுவே தட்டிக்கழிக்க வசதியாகிவிடும்.

விளக்கு சுலபம். பல்பும் அதன் பராமரிப்பும் ஊராட்சியுடையவை. கம்பமும் மின்கம்பியும் மின்வாரியத்துடையவை. ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்பு அல்லது ஃபிட்டிங் கோளாறு. வார்டு உறுப்பினரும் ஊராட்சிச் செயலரும் நினைத்தால் போதும். தெரு முழுக்க இருட்டு என்றால் லைனைப் பார்க்க மின்வாரியத்தில் புகார் கொடுங்கள்.

அடுத்து சாக்கடை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 110 ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது. தெருவிளக்கு, வடிகால், துப்புரவு எல்லாம் அதில் வருகின்றன. மனசு வந்தால் செய்கிற வேலை அல்ல இது. தலைவர் இதற்காக உங்களைக் கவுன்சிலரிடம் அனுப்பியது சரியில்லை.

நிதி இல்லை என்ற பதிலையும் அப்படியே விழுங்க வேண்டாம். ஊராட்சிக்கு வீட்டு வரி வருகிறது, மாநில நிதிக்குழு மானியமும் வருகிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்புதலும் வேண்டும். இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு இல்லாத ஊர்களில் பணம் வங்கியில் கிடக்கும், வேலை நடக்காது. வெளியே சொல்லும்போது அது "நிதி இல்லை" ஆகிவிடும். துணைத் தலைவரையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் தலைவர் பெண் என்றால், அவருடைய கணவரிடம் பேசிவிட்டு வந்து "தலைவரைப் பார்த்தாச்சு" என்று கணக்கில் எழுதாதீர்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டத் திருத்தம் வந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான், மனுவை அவர் கையில் கொடுங்கள்.

சரி, சிறுபாலம். உண்மையான சிக்கல் இதில்தான், ஏனென்றால் அது சாலையைச் சேர்ந்தது, தெருவைச் சேர்ந்தது அல்ல. அந்த மெயின் ரோடு யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். மைல்கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லை என்றால் அது ஒன்றியச் சாலையாகவோ ஊராட்சிச் சாலையாகவோ இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலையாகவும் இருக்கலாம். ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். வாயால் சொல்லத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

ஒன்றியச் சாலை என்றால் ஒன்றியக் கவுன்சிலர் நழுவ முடியாது. ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அவரைத் தேர்ந்தெடுத்ததே ஒன்றியக் குழுவில் இதைப் பேசத்தான். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் மனு போக வேண்டியது அந்தத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு. அது மாநில அரசுத் துறை என்பதால் இங்கேதான் எம்.எல்.ஏ.வின் குரலுக்கு மதிப்பு. மனுவின் நகலோடு போய், அந்தப் பொறியாளருக்கு ஒரு கடிதம் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் அதேபோல எம்.பி.யிடம்.

எம்.எல்.ஏ.விடம் தொகுதி நிதி கேட்கலாமே என்பீர்கள். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு, எம்.பி.க்கு 5 கோடி. ஆனால் அந்தப் பணம் அவர்கள் கைக்கு வருவதில்லை. அவர்கள் பரிந்துரைப்பார்கள், மாவட்ட நிர்வாகம் செலவழிக்கும். வடிகாலைப் புதிதாகக் கட்டி நீட்ட வேண்டும் என்றால் கேளுங்கள். மண் அள்ளுவதற்கு அந்த நிதி அல்ல.

மாவட்டக் கவுன்சிலரை நீங்கள் குறிப்பிடவே இல்லை. பலருக்கு அவர் பெயரே தெரியாது. இந்த விஷயத்தில் விட்டுவிடலாம்.

இத்தனைக்கும் முன்னால் கிராம சபையில் ஒரு தீர்மானம் வாங்கிவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட்டம் உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகையும் உண்டு, 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர். தெருக்காரர்கள் சேர்ந்து போங்கள். தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெறும் தாளில் கையெழுத்து வாங்கி அப்புறம் எழுதிக்கொள்ளும் ஊர்களும் இருக்கின்றன. சிறுபாலம் வேறு துறையுடையது என்றாலும், ஊராட்சித் தீர்மானத்தின் நகல் இருந்தால் அந்தத் துறையில் உங்கள் மனு தனி ஆள் மனுவாக இராது.

உள்ளாட்சிப் பதவிகளுக்கு ஐந்தே ஆண்டுதான் காலம். அது முடிந்து அடுத்த தேர்தல் தள்ளிப்போனால் தலைவரும் கவுன்சிலர்களும் இருக்க மாட்டார்கள். 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் அப்படித்தான் தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராம ஊராட்சிக்கு அப்போது வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். அந்த நேரத்திலும் கிராம சபை நடக்கும், எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் இருப்பார்கள்.

மனுவை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். ஒரு மாதம் அசைவில்லை என்றால் அந்த ஒப்புகைகளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.