அம்மை வந்து போனால் போதுமா?

அன்புள்ள சார்,

என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. தட்டம்மை ஊசிக்கு வரச் சொல்லி நர்சம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார். அத்தைதான் தடுக்கிறார். அம்மை ஒரு தடவை வந்து போனால் ஆயுசுக்கும் திரும்பாதாம், ஊசி எத்தனை நாளைக்கு நிற்கும் என்கிறார். எதிர்வீட்டுப் பையனுக்கு இப்போது மணல்வாரி. அவனோடு விளையாட விட்டால் தானாக வந்து போய்விடும் என்று வேறு சொல்கிறார். இயற்கையாக வரும் எதிர்ப்பு சக்திதான் உறுதியா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் குழந்தையை எதிர்வீட்டுப் பக்கம் விடாதீர்கள். அந்தப் பையன் இருமிவிட்டுப் போன அறையில்கூட இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். ஏற்கெனவே இரண்டு பேரும் ஒன்றாக இருந்திருந்தால் இன்றைக்கே நர்சம்மாவிடம் சொல்லுங்கள், மூன்று நாளுக்குள் ஊசி போட்டால் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

சரி, அத்தை விஷயத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை. 1846-இல் வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்குக் கப்பலில் வந்த ஒரு தச்சரோடு தட்டம்மையும் வந்து இறங்கியது. சுமார் 7,800 பேர் இருந்த இடத்தில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். பார்க்கப் போன 25 வயது டேனிஷ் டாக்டர் பீட்டர் பானும் ஒன்றைக் கவனித்தார்: 65 வருடத்துக்கு முன், 1781-இல், அம்மை கண்ட கிழவர்கள் ஒருவருக்கும் இப்போது வரவில்லை. இடையில் அங்கே அந்த நோயே கிடையாது. ஊசியைவிட நோய் தரும் எதிர்ப்பு ஒரு படி கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு என்ன விலை? எனக்கு ஆறு வயதில் வந்தது. வேப்பிலைப் படுக்கை, மூன்றாம் தண்ணீர் எல்லாம் முடிந்து அம்மை இறங்கிய பிறகும் அந்த வருடம் முழுக்கக் காதில் சீழும் விடாத சளியுமாகக் கிடந்தேன், அம்மா திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். நெதர்லாந்தில் ஊசி போடாத 77 குழந்தைகளுக்கு அம்மை வருவதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். அதுவரை மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. ஒன்றைச் சம்பாதிக்கப் போய் இருந்ததையும் தொலைத்த கணக்கு. ஊசியில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான், ஆனால் நோஞ்சானாக்கப்பட்டது. அது இந்த வேலையைச் செய்வதில்லை.

அப்புறம், இந்த 'ஒரு தடவை வந்தால் போதும்' எல்லா நோய்க்கும் பொருந்தாது. ரணஜன்னி (டெட்டனஸ்) வந்து பிழைத்தவருக்கு எதிர்ப்பு சக்தியே வராது, அந்தக் கிருமியின் விஷம் ஆளைக் கொல்லும் அளவு இருந்தால்கூட உடம்பு அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளப் போதாத அளவுக்குக் கொஞ்சம். பிழைத்தவருக்கும் ஊசி போட்டாக வேண்டும். டெங்கு இன்னும் மோசம், இரண்டாம் முறை வேறு வகை வந்தால் முதல் முறையின் எதிர்ப்பே சிலருக்கு வினையாகிவிடும்.

ஒன்பது மாதம் என்பதற்குக் காரணம் நீங்கள்தான். வயிற்றில் இருக்கும்போது உங்களிடமிருந்து போன எதிர்ப்பொருள் அவளிடம் இப்போதுதான் தீர்கிறது, அது இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. ஒன்றரை வயதுவாக்கில் இரண்டாவது ஊசியையும் விடாதீர்கள், இரண்டும் போட்டால் நூற்றில் 97 பேருக்குக் காப்பு, பெரும்பாலும் ஆயுசுக்கும்.

ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாளில் லேசாகக் காய்ச்சலோ தடிப்போ வரலாம், தானே போய்விடும். அத்தையிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது ஊசிக்கு உங்களை வாசற்படி தாண்ட விடமாட்டார்.